லேசரா... கத்தியா? கண்புரை ஆபரேஷனில் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எங்க அம்மாவுக்கு லேசர்லதான் பண்ணினாங்க!"

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகப் போனால், முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் நம் காதில் விழுந்துவிடும். கத்தி படவில்லை, தையல் போடவில்லை, கட்டுகூட மறுநாளே பிரித்துவிட்டார்கள். ஆகவே அது லேசர்தான் என்பது நம் வீடுகளில் எல்லோரும் போடும் கணக்கு.

நிஜம் என்ன தெரியுமா? இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானவர்களின் ஆபரேஷனில் லேசர் பக்கத்திலேயே வந்திருக்காது. வேலை செய்தது ஒலி அலை!

'எதுவாயிருந்தா என்ன, கண்ணு தெரிஞ்சா சரி' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 'லேசர்' என்ற ஒரே சொல், கண் ஆஸ்பத்திரியில் நான்கைந்து வெவ்வேறு வேலைகளுக்குப் பெயராக இருக்கிறது. எது எதற்கு என்று தெரியாததால் நம் குடும்பங்களுக்கு இரண்டு விதமான நஷ்டம். ஒன்று, லேசர் என்ற பெயருக்காகவே வளையலை அடகு வைப்பது. இன்னொன்று, பத்து நிமிட லேசரில் சரியாகிவிடக்கூடிய மங்கலை, 'ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சு, எல்லாம் தலையெழுத்து' என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இரண்டாவது நஷ்டம்தான் கொடுமை.

புரை என்பது ஆடை இல்லை

பால் மேல் ஆடை படிவது மாதிரி கண்ணின் மேல் ஒரு தோல் வளர்கிறது, அதை லேசரால் பொசுக்கி எடுத்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. நம் கண்ணின் நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரிகிறதே பாப்பா, அதற்குப் பின்னால் இயற்கை வைத்திருக்கும் ஒரு லென்ஸ் உண்டு. இரண்டு பக்கமும் உப்பிய, பருப்பு மாதிரியான வடிவம். லென்ஸ் என்ற பெயரே மைசூர் பருப்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். குழந்தையில் பளிங்கு மாதிரி இருக்கும் அந்த லென்ஸ், வயதாக ஆக மங்கி, மஞ்சளித்து, கடைசியில் வெளுத்துப்போவதுதான் கண்புரை.

முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் என்ன ஆகிறது? கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாகிவிடுகிறது. ஏறத்தாழ அதே சமாசாரம்தான். லென்ஸில் உள்ள புரதம் நிலை மாறிக் கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்கிறது. வெந்த முட்டையை யாராவது திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? அதனால்தான் புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இன்றுவரை கிடையாது. தேன் விடுவது, வெங்காயச் சாறு விடுவது எல்லாம் கண்ணைப் புண்ணாக்கும் காரியங்கள். லேசரும் புரையைத் தெளிய வைக்காது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் ஒன்றை அங்கே வைப்பது ஒன்றுதான் வழி.

வயது முக்கிய காரணம். அதற்கு அடுத்து சர்க்கரை நோய், கண்ணில் பட்ட அடி, புகைப்பழக்கம், வெயில். ஸ்டீராய்டு மருந்தும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும், கண் சிவந்தால் டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் நாற்பது வயதிலேயே புரையோடு வந்து நிற்பது உண்டு.

'பழுக்கட்டும்' என்ற பழைய பேச்சு

நம் தாத்தா பாட்டி காலத்து ஆபரேஷன் நினைவிருக்கிறதா? கண்ணைப் பாதி வட்டத்துக்குத் திறந்து, லென்ஸை உறையோடு அப்படியே எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு எதுவும் வைப்பதில்லை. இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துத் தலை அசையாமல் படுக்க வைப்பார்கள். பிறகு ஆயுள் முழுக்க, பவர் பத்துக்கு மேல் உள்ள சோடாபுட்டிக் கண்ணாடி! அதில் எல்லாம் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளர் வேறு இடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பார்வை கிடைப்பதற்கு, இருக்கிற பார்வை முழுசாகப் போன பிறகு ஆபரேஷன் செய்வதுதான் புத்திசாலித்தனம். 'நல்லா பழுக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று அன்றைய டாக்டர்கள் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

நிலைமை மாறிய கதை சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணுக்குள், உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் போய்த் தங்கிவிட்டன. வேறு பொருளாக இருந்தால் கண் புழுத்திருக்கும். இந்தச் சில்லுகளோ சும்மா கிடந்தன! இதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக டாக்டர்களே அவரைப் பல வருஷம் திட்டித் தீர்த்தார்கள். 1967-ல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்துகொள்ளப் போனபோது, பல் காறையை உதிர்க்கும் ஒலி அலைக் கருவியைப் பார்த்து, இதைக் கொண்டு புரையையும் உடைத்தால் என்ன என்று யோசித்தார். இன்றைய 'ஃபேக்கோ' பிறந்தது அங்கேதான்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ.வெங்கடசாமி, பணி ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ்கள் அப்போது ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் அதே மதுரையில் அரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்த பிறகுதான், முகாமில் ஆபரேஷன் செய்துகொள்ளும் கிராமத்துப் பாட்டிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் என்பது சாத்தியமாயிற்று.

ஆகவே 'பழுக்கட்டும்' என்று காத்திருக்க இப்போது காரணமே இல்லை. சொல்லப்போனால் ஆபத்து. முற்றிய புரை கல் மாதிரி இறுகிவிடும். உடைக்க அதிக சக்தி தேவைப்பட்டு, கண்ணின் முன்பக்கக் கருவிழி வீங்கக்கூடும். சிலருக்கு முற்றிய லென்ஸ் ஊதிப்போய் கண் அழுத்தம் ஏறி, கண் சிவந்து, தலை பிளக்கிற வலியோடு நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

அதற்காக, 'லேசா புரை ஆரம்பிச்சிருக்கு' என்று டாக்டர் சொன்ன மறுநாளே படுக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் அன்றாட வேலை தடைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. பஸ் நம்பர் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறீர்களா? ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசிப் பாதையே மறைகிறதா? அரிசியில் கல் பொறுக்க முடியவில்லையா? மாடிப்படியின் கடைசிப் படி தெரியாமல் தடுமாறுகிறீர்களா? அப்படியானால் நேரம் வந்துவிட்டது.

மூன்று வழிகள்

இப்போது செய்யப்படும் ஆபரேஷன் எதுவானாலும் அடிப்படை ஒன்றே. நுங்கை நோண்டி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் மேல்பக்கம் வாய் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கூட்டை அப்படியே விடுகிறோம் அல்லவா? அதே போல லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அந்த உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இந்த உறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வம்பு செய்யப்போவது இதுதான்!

வழியில்தான் வித்தியாசம். ஆறேழு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரங்கப் பாதை மாதிரி கீறி, புரையை முழுசாக வெளியே எடுப்பது ஒன்று. அந்தக் கீறல் தானாக மூடிக்கொள்ளும். பொதுவாகத் தையல் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவச முகாம்களிலும் பெரும்பாலும் இதுதான். 'இலவசம்தானே, பழைய முறைதானே' என்று முகம் சுளிக்காதீர்கள். கை பழகிய டாக்டர் செய்தால் பார்வையில் மற்றதற்குக் குறைந்ததில்லை. கல் மாதிரி முற்றிய புரைக்கு இதுவே தேவலை என்று விரும்பிச் செய்யும் நிபுணர்கள் உண்டு.

அடுத்தது ஃபேக்கோ. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. உள்ளே போகும் ஊசி முனை வினாடிக்கு சுமார் 40,000 தடவை அதிர்ந்து புரையைத் தூளாக்கி உறிஞ்சிவிடும். மடித்து உள்ளே செலுத்தப்படும் லென்ஸ், உள்ளே போய்ப் பூ மாதிரி விரிந்துகொள்ளும். 'லேசர்' என்று ஊரெல்லாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவதுதான் நிஜமான லேசர். ஃபெம்டோ செகண்ட் லேசர் என்று பெயர். ஒரு வினாடியைக் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறை மறுபடி கோடியாக்கி, அதையும் பத்தாக வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ செகண்ட்! அவ்வளவு சின்ன நேரத் துடிப்புகளாக லேசரைப் பாய்ச்சி, கீறல் போடுவது, உறையில் வட்டம் வெட்டுவது, புரையைத் துண்டு போடுவது ஆகிய மூன்றையும் கம்ப்யூட்டர் வழிநடத்திச் செய்கிறது. புரைக்கு இது முதலில் கையாளப்பட்டது 2008-ல், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில். ஆனால் கவனியுங்கள்... லேசர் வெட்டத்தான் வெட்டும், வெளியே எடுக்காது. அதற்குப் பிறகு நோயாளியின் கண்ணுக்குள் பழைய ஃபேக்கோ ஊசியே போய்த்தான் துண்டுகளை உறிஞ்சியாக வேண்டும்.

சரி, கூடுதலாகச் செலவழித்தால் கூடுதலாகப் பார்வை கிடைக்குமா? இதைத்தான் பிரான்சில் ஐந்து மருத்துவமனைகளிலும், பிரிட்டனில் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடமும் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டின் முடிவுகளும் 2020-ல் வெளிவந்தன. லேசர் உதவியோடு செய்தவர்களுக்கும் சாதாரண ஃபேக்கோ செய்தவர்களுக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, செலவுதான் அதிகம். லேசர் கெடுதல் என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட சில கண்களுக்கு டாக்டரே காரணம் சொல்லிச் சிபாரிசு செய்யலாம். பாப்பா சரியாக விரியாத கண்ணுக்கும் கருவிழியில் தழும்பு உள்ள கண்ணுக்கும் அது பொருந்தாமலும் போகலாம். ஆனால் 'அம்மாவுக்கு நல்லதா செய்யணும்' என்ற ஆசையில் கடன் வாங்கி லேசருக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் நம் கட்சி. செய்யும் டாக்டரின் அனுபவத்துக்கு இருக்கிற மதிப்பு மெஷினுக்கு இல்லை.

"டாக்டர், லேசர்னு சொல்றீங்களே, அது ஃபேக்கோவா, ஃபெம்டோவா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் லென்ஸில் இருக்கிறது

பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். சுருக்கமாகச் சொன்னால், ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் தூரப் பார்வை தெளிவாக இருக்கும். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். 'டோரிக்' என்பது கருவிழி வளைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு. தூரம், கிட்டம் இரண்டுக்கும் என்று வரும் 'மல்டிஃபோகல்' லென்ஸில் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் அந்த வித்தையைச் செய்கிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய ஒளியில் தெளிவு குறையலாம். ராத்திரி கார் ஓட்டுபவர், விழித்திரையில் கோளாறு உள்ளவர், எதிலும் துல்லியம் எதிர்பார்ப்பவர் நன்றாக யோசித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதில் வருத்தமில்லை என்பவருக்குச் சாதாரண லென்ஸ் தாராளமாகப் போதும்.

டாக்டரிடம் சொல்லாமல் விடும் விஷயங்கள்

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கண்ணாடியைத் தூக்கி எறிய 'லாசிக்' செய்துகொண்டவர்கள் இப்போது புரை வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். லாசிக் என்பது கருவிழியைச் செதுக்கும் லேசர், லென்ஸைத் தொடாது. ஆகவே லாசிக் செய்தவருக்கும் புரை வரும். ஆனால் செதுக்கிய கருவிழியை வழக்கமான கணக்கில் அளந்தால் வைக்க வேண்டிய லென்ஸ் பவர் தவறிவிடும். ஆபரேஷன் ஒழுங்காக நடந்தும் பார்வை மங்கலாக இருக்கும். 'அது எப்பவோ பண்ணினது, இப்ப எதுக்கு' என்று விட்டுவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட் பீரோவில் கிடந்தால் தேடி எடுத்துப் போங்கள்.

அடுத்து ஆண்களுக்கு. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் 'டாம்சுலோசின்' மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? உண்டு! அந்த மாத்திரை சாப்பிடுபவர்களின் பாப்பா ஆபரேஷன் நடுவில் திடீரென்று சுருங்கி, தொளதொளவென்று ஆடும் என்பதை 2005-ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்த் தொந்தரவைக் கண் டாக்டரிடம் சொல்ல வெட்கப்படும் பெரியவர்கள் ஏராளம். கூடப் போகும் மகனோ மகளோ எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது உத்தமம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையையும் பார்த்தாக வேண்டும். அங்கே ரத்தக் கசிவு இருந்தால் அதற்கு வேறொரு லேசர் உண்டு. அது விழித்திரைக்கானது, புரைக்கு இல்லை. பல சமயம் அதையோ ஊசியையோ முடித்துக்கொண்டு புரைக்கு வருவது நல்லது. கிளாகோமாவுக்குச் செய்யும் லேசரும் தனி. பாருங்கள், இதற்குள் எத்தனை லேசர் ஆகிவிட்டது!

"மறுபடி புரை வந்துடுச்சு!"

நான் முதலில் சொன்ன கொடுமைக்கு வருகிறேன். ஆபரேஷன் ஆகி ஓரிரண்டு வருஷம். ஆரம்பத்தில் பேரனின் மூக்குத்தி அளவு மச்சம்கூடத் தெரிந்தது. இப்போது மெல்ல மெல்லப் பழையபடி மங்கல். வெளிச்சம் கூசுகிறது. "அந்த டாக்டர் சரியா பண்ணலை", "மலிவு லென்ஸ் வெச்சுட்டாங்க", "மறுபடி புரை வளர்ந்துடுச்சு" என்று வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. பெரியவரோ, "இந்த வயசுல இவ்வளவு தெரிஞ்சா போதும்ப்பா, இன்னொரு தடவை என்னைப் படுக்க வைக்காதீங்க" என்று வாயை மூடிக்கொள்வார்.

எடுத்த புரை திரும்பி வராது. செயற்கை லென்ஸுக்கும் புரை வராது. நடந்தது வேறு. நுங்குக் கூட்டை விட்டுவைத்தோமே, அந்த உறையின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மெல்லப் பெருகி, உறையின் பின்சுவரில் படர்கின்றன. மழைக்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் பாசி பிடிப்பது போல. லென்ஸ் பளிச்சென்றுதான் இருக்கிறது; அதன் பின்னால் உள்ள திரை மங்கிவிட்டது. 1998-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஆபரேஷனுக்குப் பிறகு 5 வருஷத்துக்குள் சுமார் 28 சதவீதக் கண்களில் இது வந்தது. ஓரம் கூர்மையாக வடிவமைக்கப்பட்ட இன்றைய லென்ஸ்களில் குறைந்திருக்கிறது; ஆனால் ஒழிந்துவிடவில்லை. வயது குறைந்தவர்களுக்கு அதிகம்; குழந்தைகளுக்கு ரொம்ப சீக்கிரம் வரும்.

இதற்குத்தான் 'யாக்' லேசர். லேசர் நிஜமாகவே ராஜாவாக இருக்கும் இடம் இது. 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸில் டேனியல் ஆரோன் ரோசா என்ற பெண் டாக்டரும், சுவிட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபாங்க்ஹவுசரும் தனித்தனியே உருவாக்கியது. அதற்கு முன் இந்தத் திரையைக் கிழிக்க மறுபடி கண்ணுக்குள் ஊசி விட வேண்டியிருந்தது.

எப்படிச் செய்கிறார்கள்? பாப்பா விரிய சொட்டு மருந்து. அரை மணி கழித்து மரத்துப்போகச் செய்யும் சொட்டு. வழக்கமாகக் கண் சோதிக்கும் மெஷின் மாதிரியே ஒன்றில் முகவாயை வைத்து உட்கார வேண்டும். சிலருக்குக் கண்மேல் ஒரு சின்ன லென்ஸ் வைப்பார்கள். பிறகு சுவிட்ச் தட்டுவது போல 'டிக்... டிக்' என்று சத்தம். அவ்வளவுதான். ஊசியில்லை, கீறலில்லை, படுக்கையில்லை. ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஒரு புள்ளியில் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கி அதைக் கிழிக்கிறது, பொசுக்குவதில்லை. நடுவில் ஒரு ஜன்னல் திறந்துகொள்ளும். பத்து நிமிடத்தில் எழுந்து, பாப்பா சுருங்கும் வரை வெளிச்சம் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு மறுநாளுக்குள் பார்வை தெளிந்துவிடும். ஒருமுறை திறந்த ஜன்னல் பொதுவாக மறுபடி மூடுவதில்லை.

ஆபத்தே இல்லையா? சின்னச் சின்னதாக உண்டு. சில மணி நேரத்துக்குக் கண் அழுத்தம் ஏறலாம். அதற்காகவே சொட்டு மருந்து போட்டு, அழுத்தம் பார்த்து அனுப்புவார்கள். கிளாகோமா உள்ளவர் இதை அவசியம் சொல்ல வேண்டும். சில நாள் கண்ணில் கொசு பறப்பது மாதிரித் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதும், விழித்திரை பிரிவதும் அபூர்வம். அதிக மைனஸ் பவர் இருந்தவர்களுக்கு விழித்திரை பிரியும் வாய்ப்பு சற்று அதிகம். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கொசுக்கூட்டம் திடீரென்று பெருகினாலோ, ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். யாக் செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த விதி பொருந்தும்.

இன்னொரு நுட்பமான விஷயம். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்து, முதல் மாதத்திலிருந்தே பார்வை திருப்தியில்லை என்பவர் உடனே யாக் செய்யும்படி அவசரப்படக் கூடாது. லென்ஸையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், பின்சுவரில் ஓட்டை போட்ட பிறகு மாற்றுவது ரொம்பச் சிக்கல். குறை லென்ஸிலா, திரையிலா என்று முதலில் தீர்மானமாகத் தெரிய வேண்டும்.

எல்லா மங்கலும் இந்தத் திரையால் வருவதும் இல்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் கழித்து விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கலாம். சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் வடியும். சர்க்கரை, கிளாகோமா, முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வு என்று பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம். அங்கெல்லாம் யாக் லேசர் உதவாது. ஆகவே 'எனக்கு அந்த டிக் டிக் லேசர் பண்ணி விடுங்க' என்று கேட்டுப் போகாமல், என்னவென்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறதல்லவா? மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பெரியவரை நிறுத்தி, கண்ணாடி போடுபவரானால் அதோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி ராகுகாலம், எமகண்டம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். போன மாதம் படித்தது இந்த மாதம் முடியவில்லையென்றால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதம்

முதல் சில நாள் லேசான உறுத்தல், நீர் வடிதல் சகஜம். வெள்ளை வேட்டி நீலம் போட்ட மாதிரித் தெரிகிறது என்பார்கள் பலர். பயப்பட ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம், இப்போதுதான் நிஜ நிறம் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-ல் புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு நிறங்கள் மாறித் தெரிந்து திண்டாடியிருக்கிறார். பொட்டு ஓரமாகப் பிறை மாதிரி ஒரு நிழல் சிலருக்குத் தெரியும். அதுவும் பெரும்பாலும் நாளடைவில் போய்விடும்.

சகஜமில்லாதது எது? முதல் வாரத்தில் வலி குறையாமல் ஏறுவது, சிவப்பு அதிகமாவது, வந்த பார்வை திரும்ப மங்குவது. கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் மணிக்கணக்கில் கண்ணைப் பறித்துவிடும். 'காலையில போகலாம்', 'ஞாயித்துக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார்' என்றெல்லாம் பார்க்காமல் அந்த ராத்திரியே போக வேண்டும்.

நாற்பது நாள் படுக்கையெல்லாம் பழங்கதை. டி.வி. பார்க்கலாம், நடமாடலாம். கண்ணைக் கசக்கக் கூடாது. டாக்டர் சொல்லும் வரை கண்ணில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, ஆகவே கழுத்துக்குக் கீழேதான் குளியல். சொட்டு மருந்து போடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொட வேண்டும். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு மாமி எவ்வளவு வற்புறுத்தினாலும்! புதுக் கண்ணாடிக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். அதற்குள் அவசரப்பட்டு வாங்கினால் இன்னொரு முறை செலவு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது லென்ஸின் பெயர், பவர் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மாத்திரைச் சீட்டுகளோடு குப்பைக்குப் போகிற பொருள் இது. ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். பிற்பாடு வேறு ஊரில் பிள்ளை வீட்டில் இருக்கும்போது பார்வை மங்கினாலும், இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் என்று போனாலும், "முதல் கண்ணுல என்ன லென்ஸ் வெச்சாங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.